ஓட்டுரிமைக்காகச் சிறை சென்ற கவர்னர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகச் சிறிய ராஜ்யம் ரோட் ஐலண்டு. வடக்கிலிருந்து தெற்கே 48 மைல். கிழக்கிலிருந்து மேற்கே 37 மைல். அவ்வளவுதான்! 1842ஆம் வருஷம் இந்தச் சிறிய ராஜ்யத்தில் ஒரே சமயத்தில் இரண்டு கவர்னர்கள் இருந்தார்கள். ஒருவரிடம் சட்டமும் சேனையும் இருந்தன. மற்றவரிடம் ஏழைகளின் ஓட்டு இருந்தது.

ஏழைகளின் ஓட்டைப் பெற்றவர் தாமஸ் வில்சன் டோர். அவர் ஏழையல்ல, பெரிய பணக்காரரின் மகன். ஊரார் மெச்சிய வக்கீல். அப்படிப்பட்டவர் ஏன் சிறைக்குப் போனார்?

செல்வர் வீட்டுப் பிள்ளை

1805ஆம் வருஷம் நவம்பர் 5ந் தேதி பிராவிடன்ஸ் நகரத்தில் டோர் பிறந்தார். தந்தை சல்லிவன் டோர் சீன தேசத்தோடு வாணிபம் செய்து பொருள் குவித்தவர். தாய் லிடியாவும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். டோர்தான் மூத்த பிள்ளை.

பையன் படிப்பில் சூரன். ஹார்வர்டு கல்லூரியில் 1823ஆம் வருஷம் பட்டம் பெற்றபோது அவருக்கு 18 வயதுகூட நிறையவில்லை. பிறகு நியூயார்க்கில் ஜேம்ஸ் கென்ட் என்ற பெயர் பெற்ற சட்ட மேதையிடம் சட்டம் பயின்றார். 1827ல் வக்கீலானார்.

1834ல் ரோட் ஐலண்டு சட்டசபையில் அங்கத்தினரானார். அப்போது பாங்கிகளுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. கடன்பட்டவனின் சொத்தை மற்றவர்களுக்கு முன்பாக, விசாரணைக்கும் முன்பாகவே, பாங்கி முடக்கிவிடலாம். 1836ல் அந்தச் சலுகையை ஒழிக்கும் சட்டத்தை டோர் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல பொதுப் பள்ளிக்கூடங்கள் வேண்டும் என்றும் பாடுபட்டார். பிராவிடன்ஸ் நகரப் பள்ளிக் கமிட்டிக்குத் தலைவராகவும் இருந்தார்.

நிலம் இருந்தால்தான் ஓட்டு

ரோட் ஐலண்டில் பழைய சாசனம் ஒன்று இருந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1663ல் கொடுத்தது அது. 1776ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. மன்னர் ஆட்சி போயிற்று. ஆனால் ரோட் ஐலண்டில் மன்னர் கொடுத்த சாசனம் போகவில்லை.

அந்த ஏற்பாட்டின்படி 134 டாலர் மதிப்புள்ள நிலம் உடையவனுக்குத்தான் ஓட்டு. நிலக்காரனின் மூத்த மகனுக்கும் ஓட்டு உண்டு. இளைய மகனுக்குக் கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கும் கிடையாது. நிலமில்லாதவன் தனக்கு வரவேண்டிய கடனுக்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், நிலக்காரன் ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும்!

முன்பு எல்லோரும் பயிர் செய்தபோது இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1790ல் பாடக்கெட்டில் நூற்பு ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு ஆலைகள் பெருகின. கூலிக்கு வேலை செய்வோர் நகரங்களில் குவிந்தார்கள். வரி கொடுத்தார்கள், படையில் சேர்ந்தார்கள். ஓட்டு மட்டும் இல்லை. 1840ஐ ஒட்டிய காலத்தில், வயது வந்த ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் ஓட்டில்லாமல் இருந்தார்கள்.

டோருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர் நிலக்காரரின் மூத்த மகன். ஆனாலும் ஓட்டில்லாதவர்கள் பக்கம் நின்றார்.

மக்கள் செய்த சட்டம்

சட்டசபைக்கு மனுமேல் மனு போயிற்று. பலனில்லை. ஓட்டைத் தம்மிடம் வைத்திருப்பவர்களே அதைப் பிறருக்கும் தர வேண்டும். அவர்களுக்கு மனம் வருமா?

1841ல் மக்கள் தாங்களாகவே மகாநாடு கூட்டினார்கள். புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். அதில் டோருக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர் மாதம் அந்தச் சட்டத்தின்மேல் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 13,944. எதிர்ப்பு 52தான்! பழைய சர்க்காரின் ஆட்கள் ஓட்டெடுப்பே செல்லாது என்று ஒதுங்கி நின்றார்கள்.

இந்தச் சட்டத்திலும் ஒரு களங்கம் இருந்தது. வெள்ளையருக்கு மட்டுமே ஓட்டு என்று மகாநாட்டார் எழுதிவிட்டார்கள். அது கூடாது என்று டோர் வாதாடினார், தோற்றார். நீக்ரோ மக்கள் மனம் நொந்தார்கள். பின்னால் சண்டை வந்தபோது அவர்கள் பழைய சர்க்காரின் பக்கமே சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுப்பது வழக்கம். 1842 ஏப்ரலில் மக்கள் கட்சியார் டோரைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வாரத்தில் பழைய சாசனத்தின்படி சாமுவேல் வார்டு கிங் என்பவர் மறுபடியும் கவர்னரானார். மக்கள் சட்டத்தின்படி பதவி ஏற்பவனுக்கு ஆயுள் தண்டனை என்று பழைய சட்டசபை முன்பே சட்டம் செய்திருந்தது. டோர் அஞ்சவில்லை. மே 3ந் தேதி பெரிய ஊர்வலத்தோடு பதவி ஏற்றார். அரசாங்க மாளிகை பூட்டிக் கிடந்தது. கட்டி முடியாத ஒரு வார்ப்புப் பட்டறையில் அவருடைய சட்டசபை கூடியது!

தந்தையை நோக்கிய பீரங்கி

டோர் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி ஜான் டைலரிடம் முறையிட்டார். ஜனாதிபதி கைகொடுக்கவில்லை. திரும்பும் வழியில் நியூயார்க்கில் பலர் அவரை ஆதரித்தார்கள். அது அவருக்குத் தைரியம் தந்தது. சட்டப் புத்தகத்தையே ஆயுதமாகக் கொண்டிருந்த வக்கீல் இப்போது வாளை எடுத்தார். அங்கேதான் அவர் தவறினார்.

மே 17ந் தேதி நள்ளிரவு கழிந்து, சுமார் 230 பேரோடு பிராவிடன்ஸ் ஆயுதசாலைக்குப் படை எடுத்தார். எங்கும் மூடுபனி. அவரிடம் இரண்டு பழைய பீரங்கிகள் இருந்தன. ஆயுதசாலைக்குள்ளே காவல் நின்றவர்கள் யார்? அவருடைய தந்தை! அவருடைய தம்பி! உறவினர்கள்!

பீரங்கிக்கு நெருப்பு வைத்தார்கள். அது வெடிக்கவில்லை. மறுபடியும் வைத்தார்கள். அப்போதும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் தந்தையின் உயிருக்கு மகனே எமனாகி இருப்பார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் அன்று கொள்கை உறவை வென்றுவிட்டது.

விடிவதற்குள் கூட்டம் கலைந்தது. டோர் ராஜ்யத்தை விட்டு ஓடினார். ஜூன் மாதம் செபாச்செட் என்ற கிராமத்தில் மீண்டும் ஆட்களைத் திரட்டப் பார்த்தார். வந்தவர்கள் சிலரே. எதிரே பெரும் படை வந்துகொண்டிருந்தது. வீணாக ரத்தம் சிந்த வேண்டாம் என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு, மறுபடியும் வெளியேறினார். அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 5,000 டாலர் வரை இனாம் என்று கவர்னர் கிங் அறிவித்தார்.

தாமே வந்து சிக்கினார்

டோர் பக்கத்து ராஜ்யங்களில் தங்கினார். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1843 அக்டோபர் 31ந் தேதி தாமாகவே பிராவிடன்சுக்குத் திரும்பி வந்தார். உடனே கைது செய்தார்கள்.

1844ல் நியூபோர்ட் நகரத்தில் வழக்கு நடந்தது. ராஜ்யத் துரோகக் குற்றம். டோர் தம் வக்கீல்களோடு தாமும் எழுந்து வாதாடினார். மக்கள் தேர்ந்தெடுத்த கவர்னர் எப்படித் துரோகி ஆவார் என்பது அவர் வாதம். ஜூரிகளில் அவர் கட்சியார் ஒருவர்கூட இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கடின உழைப்புடன் தனிமைச் சிறை. அதுவும் ஆயுள் முழுவதும்!

பழைய சர்க்காருக்குப் பணிவதாகப் பிரமாணம் செய்தால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். டோர் மறுத்தார். தம்மை நம்பி ஓட்டுப் போட்டவர்களின் உரிமை பொய்யென்று ஒப்புக்கொள்வதைவிடச் சிறையே மேல் என்று இருந்துவிட்டார். 1845ல் அவரை விடுவிப்பதாகச் சொல்லித் தேர்தலில் நின்றவர்கள் வென்றார்கள். ஜூன் 27ந் தேதி, நிபந்தனை எதுவும் இல்லாமல் கதவு திறந்தது. சிறைக்குப் போய்ச் சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தோற்றவர் வென்றார்

ஆனால் உடம்பு கெட்டுவிட்டது. பழையபடி தொழில் நடத்த வலுவில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. 1851ல் இழந்த உரிமைகளைத் திரும்பக் கொடுத்தார்கள். 1854ல் சட்டசபை அவர்மீது சொன்ன தீர்ப்பையே ரத்து செய்தது. அப்படி ரத்து செய்யச் சட்டசபைக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் கூறினார்கள். அதே வருஷம் டிசம்பர் 27ந் தேதி டோர் கண் மூடினார். அப்போது வயது 49.

அவர் போராட்டம் வீணாயிற்றா? இல்லை. கலகத்தைக் கண்டு அரண்ட பழைய சர்க்காரே 1842 கடைசியில் புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்தது. 1843 மே மாதம் அது அமலுக்கு வந்தது. 1663ஆம் வருஷத்துச் சாசனம் மறைந்தது. நாட்டில் பிறந்த ஆண்களில் நிலமில்லாதவர்களும் சிறிது வரி செலுத்தினால் ஓட்டுப் போடலாம் என்று ஆயிற்று. நீக்ரோ ஆண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. டோர் தம் கட்சியாரிடம் கேட்டுத் தோற்ற நீதியை எதிரிகள் கொடுத்தார்கள்!

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பிரஜைகளுக்கு மட்டும் நில நிபந்தனை 1888 வரை நீடித்தது. பெண்கள் முழு ஓட்டுரிமைக்காக 1920 வரை காத்திருந்தார்கள்.

ஆக, கவர்னர் டோர் சிறைக்குள்ளே இருந்தபோது, அவரால் ஓட்டுப் பெற்ற ஆலைத் தொழிலாளிகள் வெளியே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டுக்களே சிறைக் கதவைத் திறந்தன. பீரங்கியால் ஆகாததை ஓட்டு செய்து காட்டியது.