ஒரு சொல்லும் இரண்டு புதுக்கோட்டைக்காரர்களும்



போன மாசம் குழாயடியில் நடந்த சண்டையில நான் ஒருத்தனை அசிங்கமா திட்டிட்டேன். தமிழய்யா அடிக்கலை. அந்த வசவு, ஒரு காலத்தில் கோயிலில் இறைவனுக்குத் தொண்டு செய்த பெண்களின் மரியாதைப் பெயரிலிருந்து வந்தது என்றார். எனக்கு வெட்கமாப் போச்சு. அதுக்கப்புறம்தான் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன்.

அவர் 1886 ஜூலை 30-இல் நம்ம புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் கொடுத்தார். 1912-இல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார்.

சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் நம்ம ஆளுதான். 1887-இல் திருமயத்தில் பிறந்து அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர்!

வழக்கம் ஒன்றுதான், சொல் வேறு. அவர் சம்பிரதாயம், கலை என்றார். அப்படிச் சொன்னா கோபுரமும் சலங்கையும் கண்ணுக்குத் தெரியுது. இவர் குழந்தை, கொடுமை என்றார். அப்படிச் சொன்னா நம்ம தங்கச்சி முகம் தெரியுது.

மூன்றாவது குரலும் உண்டு. தாங்கள் இறைத்தொண்டர்கள், தங்களை விலைமாதரோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று தேவதாசிப் பெண்களே அரசுக்கு மனு கொடுத்தார்கள். அதை அப்போது பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோயில் மானிய நிலத்தை ஊழியக் கட்டிலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929-இல் வந்தது. பொட்டுக்கட்டத் தடை 1947-இல்தான் வந்தது. அதற்குள் சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். முத்துலெட்சுமி அம்மையார் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லமும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தொடங்கினார். 1968-இல் மறைந்தார்.

சட்டம் சிறுமிகளைக் காத்தது, அது பெரிய விஷயம். ஆனா அந்தப் பெண்களின் பெயர் மட்டும் இன்னும் வசவாவே கிடக்குது. அதை மாற்ற எந்தச் சட்டசபையும் வேண்டாம், நம்ம வாய் போதும். நான் திட்டினவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். நீங்களும் சண்டை வந்தா, வாயைத் திறக்கும் முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்