காவலரை நம்பாத சுல்தான்

ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் ஒஸ்மான் 1618ஆம் ஆண்டில் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 13. 1621இல் போலந்துக்கு எதிராகத் தாமே படை நடத்திச் சென்றார். இன்று உக்ரைனில் இருக்கும் ஹோதின் கோட்டை அவர் வசம் விழவில்லை. தமது நிரந்தரக் காலாட்படையும் காவற்படையுமான ஜானிசரிகளே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

பால்கன் பகுதியின் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைப் பிடித்துவந்து, சுல்தானைத் தவிர வேறு பற்றில்லாதவர்களாக வளர்ப்பதே அப்படையின் ஆரம்பகால ஏற்பாடு. ஆனால் 17ஆம் நூற்றாண்டுக்குள் அவர்கள் குடும்பம், வணிகம், ஊதியச் சலுகைகள் எனத் தலைநகரில் வேரூன்றிவிட்டிருந்தனர். புதிய சுல்தான் ஒவ்வொருவரும் அவர்களுக்குப் பணம் வழங்கியாக வேண்டும் என்பதும் வழக்கமாகியிருந்தது.

1622இல் ஒஸ்மான் மெக்கா யாத்திரை செல்லப்போவதாக அறிவித்தார். அனடோலியாவிலும் சிரியாவிலும் மாற்றுப் படை திரட்டுவதே உண்மையான நோக்கம் என்ற பேச்சு இஸ்தான்புல்லில் பரவியது. அப்படையைத் திரட்டுமுன்பே எண்ணத்தை வெளிக்காட்டியதுதான் அவர் செய்த பெரும் பிழை எனலாம். மே மாதம் கிளர்ச்சி வெடித்தது. தலைமை அமைச்சர் திலாவர் பாஷாவைக் கிளர்ச்சியாளரிடம் கையளித்தும் பயனிருக்கவில்லை. மே 20ஆம் திகதி, யெடிகுலே கோட்டைச் சிறையில் ஒஸ்மான் கொல்லப்பட்டார். அப்போது வயது 17. ஆளத் தகுதியற்றவர் என முன்னர் நீக்கப்பட்டிருந்த சிறிய தந்தை முஸ்தபாவே மீண்டும் சுல்தானாக்கப்பட்டார்.

ஜானிசரிப் படையை 1826இல் கலைத்தவர் இரண்டாம் மஹ்மூத். பீரங்கிப் படையினரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட பின்னரே அவர் அதில் இறங்கினார்.