ஸ்டாப் வாட்ச் பிடித்த டெய்லர்

மெக்கானிக்கல் படிக்கிற எல்லாருக்கும் டெய்லர் என்ற பெயர் தெரியும். ரெண்டு மார்க் கேள்வி. விஞ்ஞான முறை நிர்வாகத்தின் தந்தை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவி விடுவோம். நானும் அப்படித் தாவியவன்தான். டிரெயினிங் போன இடத்தில் ஒரு லேத் அண்ணன் பக்கத்தில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்து என்னை நிற்க வைத்தார்கள். அதுவரை தம்பி, தம்பி என்று டீ வாங்கிக் கொடுத்தவர், பத்து பீஸ் முடிகிற வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகுதான் யாருப்பா இந்த டெய்லர் என்று தேடிப் படித்தேன்.

பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில், வசதியான வீட்டில் பிறந்தவர். அப்பா வக்கீல். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் பாஸாகியும் கண் கோளாறு என்று அங்கே போகாமல், 1874-ல் ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பேட்டர்ன் மேக்கிங்கும் மெஷின் வேலையும் கையால் கற்றார். நம்ம ஆளு! 1878-ல் மிட்வேல் இரும்பாலைக்குக் கூலியாளாகப் போய், லேத் பிடித்து, அப்புறம் அதே லேத் ஆட்களுக்குத் தலைவரானார். வேலைக்கு நடுவில் படித்து 1883-ல் இன்ஜினியரிங் பட்டம் வேறு.

அங்கே பீஸ் கணக்கில் கூலி. அதிகம் செய்தால் ரேட்டைக் குறைத்து விடுவார்கள் என்று தெரிந்து, ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது? லேத்தில் நின்றவரை அந்தக் கட்டுப்பாட்டை டெய்லரும் மீறவில்லை. தலைவரானதும்தான் மல்லுக்கட்டினார். எந்தத் தொழிலாளி முகத்தைப் பார்த்தாலும் பகை தெரிகிறதே, இது என்ன பிழைப்பு என்று அவரே பின்னாளில் நொந்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு லேத் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது.

சண்டைக்குப் பதில் அளந்து பார்ப்போம் என்று 1881 வாக்கில் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். 1898 முதல் 1901 வரை பெத்லகேம் இரும்பாலையில் இருந்தார். அங்கே ஒருவர் ஒரு நாளில் சுமந்த வார்ப்பிரும்பு பன்னிரண்டரை டன். அதை நாற்பத்தேழரை டன் ஆக்கினேன் என்றார். கூலியோ ஒரு டாலர் 15 சென்டிலிருந்து 85 சென்டுக்குத்தான் ஏறியது, அதாவது ஒன்று எண்பத்தைந்து. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கைத் தாண்டியதா என்று நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன், தாண்டியது கொஞ்சம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 42 கிலோ பாளத்தைச் சுமக்கிறவன் நாளில் பாதிக்கும் மேல் கையில் பாரமில்லாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதும் அவர்தான். சைக்கிள் பேரிங் குண்டுகளைச் சோதித்த பெண்களின் பத்தரை மணி நேர வேலையை எட்டரை ஆக்கியபோதும் உற்பத்தி குறையவில்லை. 120 பேர் பார்த்ததை 35 பேர் பார்த்தார்கள். மீதிப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

1911-ல் அவர் புத்தகம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்கூடத்தில் ஒரு மோல்டர் ஸ்டாப் வாட்ச் முன்னால் வேலை செய்ய மறுக்க, மற்ற மோல்டர்களும் வெளியேறினார்கள். 1912-ல் டெய்லரை நாடாளுமன்றக் குழு நாள் கணக்கில் விசாரித்தது. 1915 மார்ச் 21, 59 வயது முடிந்த மறுநாள், நிமோனியாவில் இறந்தார்.

டைம் ஸ்டடி ஷீட்டில் களைப்புக்கு ஒரு கட்டம் உண்டு. பிடித்துச் செய்கிறானா என்பதற்குக் கட்டம் கிடையாது. நான் எழுதிக் கொடுத்த ஷீட்டில் லேத் அண்ணனுக்குக் களைப்புக்காக எத்தனை சதவீதம் சேர்த்தார்கள் என்று கேட்காமலே டிரெயினிங் முடித்து வந்துவிட்டேன்.