தைராய்டு நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ

காந்தி, காமராஜர், அப்துல் கலாம்னு நம்ம சுவர்ப் பத்திரிகையில் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் இந்த முறை ஜப்பான் டாக்டர் ஒருவரைப் பற்றி எழுதுறேன். இவர் பெயரை நான் முதலில் பார்த்தது எங்க அம்மாவோட மருந்துச் சீட்டில்தான். நோயின் பெயர்னு நெனச்சேன். அது ஒரு மனுஷனோட பெயர்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஹகாரு ஹாஷிமோட்டோ 1881-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஜப்பானில் மியே மாகாணத்தில், இகா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அவர் தாத்தாவும் டாக்டர், அப்பாவும் டாக்டர். ஃபுகுவோகா நகரத்தில் மருத்துவம் படித்து 1907-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹயாரி மியாக்கே என்ற பெரிய அறுவை சிகிச்சை பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே கழுத்தில் கழலை வந்த நான்கு பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. எடுத்த சதையைத் தூக்கிப் போடாமல் ஹாஷிமோட்டோ நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நம்ம காவலூரில் பெரிய தொலைநோக்கி வச்சு தூரத்து நட்சத்திரத்தைப் பார்க்கிறாங்க இல்லையா, அதே பொறுமையோடு இவர் கண்ணுக்குத் தெரியாத செல்களைப் பார்த்தார். தைராய்டு சுரப்பி முழுக்க லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நிறைஞ்சிருந்தன. இதுவரை யாரும் சொல்லாத புது நோய் இது என்று புரிந்துகொண்டார். 1912-ல் ஜெர்மன் மொழியில் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அப்போ அவருக்கு வயசு 30, 31 தான்.

ஆனால் உலகம் அதைப் பெரிசா கண்டுக்கலை. வேறொரு நோயின் ஆரம்ப நிலைதான் இதுன்னு பலர் நெனச்சாங்க. மேல்படிப்புக்கு அவர் ஐரோப்பா போனார். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததால் அங்கே தங்க முடியவில்லை. ஊர் திரும்பி, 1916-ல் சொந்த ஊரிலேயே சாதாரண டாக்டராக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ரிக்‌ஷாவில் ஏறி நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பாராம். 1934 ஜனவரி 9-ஆம் நாள் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். வயசு 52.

அவர் சொன்னது சரிதான் என்று 1931-ல் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். அவர் இறந்து 22 வருஷம் கழித்து, 1956-ல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர் காரணத்தையே கண்டுபிடித்தார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தி, வழி தவறி தைராய்டையே தாக்குது. காவலுக்கு வச்ச நாயே வீட்டுக்காரரைக் கடிச்ச மாதிரி.

அயோடின் குறைஞ்சாலும் கழலை வரும்னு நாம பாடத்தில் படிச்சிருக்கோம். ஆனால் இது வேற. அதனால உப்பை அதிகமா சாப்பிட்டா இது சரியாகாது.

இப்போ எங்க வீட்டுக் கதை. எங்க அம்மா பீடி சுத்துறவங்க. இரண்டு வருஷம் முன்னாடி கை கால் வீங்கி, முடி கொட்டி, எப்பவும் அசதியா இருந்தாங்க. பீடிக் கணக்கு குறைஞ்சுது. சோம்பேறி ஆயிட்டாள்னு சொந்தக்காரங்களே பேசினாங்க. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அதிகமா, டி4 குறைவா இருந்தது. டி.பி.ஓ. ஆன்டிபாடியும் அதிகம்னு வந்தது.

டி.எஸ்.எச். அதிகம்னா தைராய்டு அதிகமா வேலை செய்யுதுன்னு நான் நெனச்சேன். அது தப்பு. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஆணை அது. தைராய்டு சோர்ந்துபோனா, வேலை செய் வேலை செய்னு பிட்யூட்டரி சத்தமா கத்துது. அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். எண். டி4 என்பது தைராய்டு தரும் ஹார்மோன். டி.பி.ஓ. ஆன்டிபாடி, தாக்குவது நம்ம எதிர்ப்பு சக்திதான்னு காட்டுது.

டாக்டர் தைராக்சின் மாத்திரை கொடுத்தார். சில மாசத்தில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்துடுச்சு. அந்த ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினது நான்தான். நார்மல்னு போட்டிருக்கு, இனி மாத்திரை வேணாம்மான்னு சொன்னதும் நான்தான். படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு அம்மா நிறுத்திட்டாங்க. மூணு மாசத்தில் பழையபடி படுத்துட்டாங்க. மாத்திரை சாப்பிட்டதாலதான் அந்த எண் சரியா இருந்ததுன்னு டாக்டர் விளக்கினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இப்போ அம்மா தினமும் காலையில் வெறும் வயித்தில் தண்ணியோட மாத்திரை போடுறாங்க. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் டீ. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுறாங்க. மாத்திரை அளவை மாத்தினா 6 முதல் 8 வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பீடிக் கணக்கும் சரியாயிடுச்சு.

நான்கு பெண்களின் கழுத்து வீக்கத்தை அலட்சியம் செய்யாமல் பார்த்தவர் ஹாஷிமோட்டோ. தன் பெயர் உலகம் முழுக்கப் பரவியது அவருக்கே தெரியாது. தோழிகளே, உங்க வீட்டிலும் அம்மாவோ அக்காவோ எப்பவும் அசதின்னு சொன்னா சோம்பேறின்னு சொல்லாதீங்க. ஒரு தடவை ரத்தம் பார்க்கக் கூட்டிட்டுப் போங்க. டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. நான் செஞ்ச தப்பை நீங்க செய்ய வேணாம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ஆலங்காயம்