காரைதீவு மயில்வாகனமும் எங்கள் விஞ்ஞானச் சொற்களும்

1990இன் கடைசியில் ஏறாவூரை விட்டு வெளிக்கிட்டு, வாவியைக் கடந்து படுவான்கரையில் தங்கியிருந்தோம். அங்கே ஒரு வேப்பமரத்தின் கீழ் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். அந்த வருடம் எங்கள் ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் என்னென்ன இழந்தார்கள் என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்லவந்தது வேறு. எங்களிடம் சோதனைக்குழாய் இல்லை, அமிலம் இல்லை, பாடப்புத்தகம் கூட இல்லை. பற்றரியும் யூரியாவும் சோதனைச்சாவடியில் மறிக்கப்படும் பொருட்கள். இருந்தவை சொற்கள் மட்டும்தான். ஒளித்தொகுப்பு, கரைதிறன், ஆவியாதல், கடத்தி. ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இந்தச் சொல்லெல்லாம் ஆர் செய்தது?"

அன்று எனக்கு ஒழுங்கான பதில் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். ஒரு ஆள் செய்ததல்ல என்றாலும், அந்த வேலையை முறையாகத் தொடக்கிவைத்தவர்களில் முன்னுக்கு நின்றவர் எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே, காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம். சுவாமி விபுலாநந்தர் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். நாலு வருடம் கழித்து, 1920இல், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். ஒரே தலைக்குள் சங்கத்தமிழும் இரசாயனமும் இருந்தது அந்தக் காலத்தில் மிக அபூர்வம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பூண்டார்.

மானிப்பாயைச் சொன்னால் இன்னொருவரையும் சொல்லவேண்டும். அங்கேதான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழிலேயே மேற்கத்தேய வைத்தியம் படிப்பித்தார். அவர் தரப்பிலிருந்து 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் "கெமிஸ்தம்". ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிய பெயர். கிறீனின் உழைப்பு பெரிது, ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

சீனர்களுக்கும் இதே வில்லங்கம் இருந்தது. தொலைபேசியை முதலில் ஒலியை வைத்து "தெலூபெங்" என்று எழுதினார்கள். சீன எழுத்துகளைக் கொண்டே யப்பானியர் கட்டிய "மின்பேச்சு" என்ற பொருள்தரும் சொல் பிறகு வந்து அதைத் துரத்திவிட்டது. 1895இல் யப்பானிடம் தோற்ற பின் சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கப் போனார்கள். திரும்பும்போது சமூகம், பொருளாதாரம், விஞ்ஞானம் என்பவற்றுக்கான சொற்களையும் கொண்டுவந்தார்கள். யென் பூ என்ற பேரறிஞர் பழைய சீன நூல்களில் ஊறி அழகான சொற்களை ஆக்கினார். பெரும்பாலானவை தோற்றுப்போயின. பள்ளிக்கூடத்தில் புழங்கியதுதான் வென்றது.

தமிழுக்கு அந்த யப்பான் கிடைக்கவில்லை. இருந்தது சமஸ்கிருதம். சென்னை மாகாணத்தில் பள்ளிப் பாடங்களைத் தமிழில் நடத்தும் பேச்சு எழுந்தபோது, சொற்களை வடமொழியில் இருந்து எடுப்பதா, தமிழ் வேரில் ஆக்குவதா, ஆங்கிலத்தையே வைத்திருப்பதா என்று பெரிய இழுபறி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்தர் இந்த இடத்தில்தான் வருகிறார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை. பாடத்துக்கு ஒரு குழுவாக இருந்து வேலை செய்தார்கள். 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்களுடன் "கலைச்சொற்கள்" நூலாக வந்தது. சண்டை அதோடு ஓயவில்லை. 1940இல் அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்ந்ததென்று திரும்பவும் எதிர்ப்பு எழுந்தது.

இதற்கிடையில் அவர் இமயமலை அடிவாரத்து மாயாவதியில் ஆங்கிலப் பத்திரிகையொன்றுக்கு ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் மீட்டெடுத்த "யாழ் நூல்" 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம், யூலை 19இல், காலமானார். அவர் கட்டியெழுப்பிய கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு தினங்களில் யாழ் நூலைப் பற்றி நிறையப் பேசுகிறோம், கலைச்சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இது பெரிய குறை. யாழ் நூலைப் படித்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். கலைச்சொல்லைத் தொடாத பிள்ளை ஒன்றுகூட எங்கள் பள்ளிக்கூடங்களில் இல்லை. 2012 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரில் அவருடைய சிலையை இரவோடிரவாக உடைத்தார்கள். காந்தியின் சிலையும் புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளையின் சிலையும் கூடத் தப்பவில்லை. விடிய அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்த வேப்பமரத்தடி வகுப்புத்தான் நினைவுக்கு வந்தது.

அவருக்குப் பிறகு, தாய்மொழியில் விஞ்ஞானம் படிப்பிக்க இலங்கை முடிவெடுத்ததும் அரசகரும மொழித் திணைக்களத்தின் குழுக்கள் தனியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டன. அதனால் நாங்களும் தமிழ்நாடும் சில இடங்களில் பிரிந்துவிட்டோம். எங்களுக்கு ஒட்சிசன், அவர்களுக்கு ஆக்சிஜன். எங்களுக்கு கலம், அவர்களுக்கு செல். எங்களுக்கு ஆர்முடுகல், அவர்களுக்கு முடுக்கம்.

இப்போது பின்னேரங்களில் ஏறாவூரில் என் வீட்டு விறாந்தைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். வேறுவேறு பள்ளிக்கூடம், ஒரே சொற்கள். போன கிழமை ஒரு பிள்ளை கைபேசியில் தமிழ்நாட்டுப் பாடமொன்றைப் பார்த்துவிட்டுக் குழம்பி வந்தது. நாங்கள் திணிவு என்பதை அங்கே நிறை என்கிறார்கள். நாங்கள் நிறை என்பது அங்கே எடை. எது சரி சேர் என்று கேட்டது. இரண்டும் சரி, எங்கள் சோதனையில் திணிவு என்று எழுது என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளை அதைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டது.