கையில் ஒன்று: சார்லஸ் பாபேஜ் வாழ்க்கை

கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று ஒரு மார்க் கேள்வி வந்தால் பாபேஜ் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். லேபில் ஒரு விளக்கு எரியாமல் போன பிறகுதான் அந்த மனிதரைத் தேடிப் படித்தேன்.

விளக்குக் கதை இதுதான். 8 பிட் போர்டு ஒன்றில் சி மொழியில் புரோகிராம் எழுதினேன். நிமிஷத்துக்கு ஒருதரம் விளக்கு எரிய வேண்டும். 60-ஐ 1000-ஆல் பெருக்கி, அவ்வளவு மில்லி செகண்ட் காத்திரு என்று கொடுத்தேன். சாதாரண முழு எண் அந்த போர்டில் 16 பிட்தான், 32767-க்கு மேல் தாங்காது. 60000 என்பது மைனஸ் 5536 ஆகிவிட்டது. அதையே காத்திருக்கும் கட்டளை ரொம்பப் பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பாத்தா, அந்த விளக்கு அடுத்து எரிய 49 நாளுக்கு மேல் ஆகும்! சின்ன பிராசஸரா இருந்தாலும் பெரிய எண்ணைத் தாங்குவது மொழியின் கடமையா, இல்லை எழுதுகிறவன் பாடா என்று எங்க பேட்சில் பெரிய சண்டையே நடந்தது. சண்டைக்குப் பதில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே கிடைத்திருக்கிறது.

சார்லஸ் பாபேஜ் 1791 டிசம்பர் 26 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா பேங்க் நடத்தியவர், பணத்துக்குக் குறைவில்லை. (எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் இந்த வரியைப் படித்தபோது கொஞ்சம் பெருமூச்சு வந்தது நிஜம்.) கேம்பிரிட்ஜில் படித்து 1814-ல் பட்டம் பெற்றார். அதே வருஷம் கல்யாணம்.

1821-ல் நண்பர் ஜான் ஹெர்ஷலோடு வானியல் அட்டவணைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார். மனிதர்கள் கையால் போட்ட கணக்கு. எடுத்த இடமெல்லாம் தப்பு. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடலில் வழி கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட அட்டவணைகளை நம்பித்தான். இதை நீராவி மெஷின் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த வருஷமே ஒரு சின்ன மாதிரி செய்து காட்டினார். 1823-ல் அரசாங்கம் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அதுதான் டிஃபரன்ஸ் எஞ்சின்.

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும். பாகங்களைக் கடைந்து கொடுத்த ஜோசப் கிளெமென்ட் ஒரு நெசவாளி மகன். விட்வொர்த் திரெட் என்று படிக்கிறோமே, அந்த விட்வொர்த் இவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர். திட்டமிட்ட மெஷினுக்கு 25,000 பாகங்கள் வேண்டும். 1832-ல் அதில் ஏழில் ஒரு பங்கை மட்டும் பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். பிறகு பணத் தகராறில் கிளெமென்ட் விலகினார், வேலை நின்றது. சுமார் 17,000 பவுன் செலவழித்த அரசாங்கம் 1842-ல் கையைக் கழுவிவிட்டது.

நடுவில் 1827-ம் வருஷம் அவருக்கு இடிமேல் இடி. அப்பா, மனைவி, பிள்ளைகள் இருவர், நாலு பேரும் அந்த ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் வரைபடத்தை விடவில்லை.

1834-ல் அனலிடிகல் எஞ்சின் என்ற பெரிய யோசனை பிறந்தது. கணக்குப் போடும் இடம் தனி, எண்களை வைத்திருக்கும் இடம் தனி. கட்டளை கொடுக்க, நெசவுத் தறியில் ஜக்கார்ட் பயன்படுத்திய மாதிரி ஓட்டை போட்ட அட்டைகள். 1843-ல் அடா லவ்லேஸ் இதைப் பற்றி நீண்ட குறிப்புகள் எழுதினார்.

இங்கேதான் பாபேஜுக்குத் தலைவலி. சின்ன வயசில் கூட்டல் போடும்போது கையில் ஒண்ணு என்று சொல்வோமே, அந்த ஒண்ணுதான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சக்கரம். வரிசையாக 9 நிற்கும்போது ஒன்றைக் கூட்டினால், கையில் ஒண்ணு ஒவ்வொரு சக்கரமாக ஏறிப் போக வேண்டும். இலக்கம் கூடக் கூட நேரமும் கூடும். பல வருஷம் மண்டையை உடைத்து, எங்கெங்கே கேரி வரும் என்று முன்கூட்டியே பார்த்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றும் அமைப்பைக் கண்டுபிடித்தார். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் நாம் போடும் கேரி லுக் அஹெட் ஆடருக்கும் இதே யோசனைதான்.

சரி, எத்தனை இலக்கம் வைப்பது? 1864-ல் எழுதிய சுயசரிதையில் 50 இலக்கம் என்று கணக்கு வைத்துப் பேசுகிறார். நம்ம கணக்கில் 166 பிட்டுக்கு மேல்! ஆனால் எத்தனை வைத்தாலும் ஒருநாள் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் உள்ள எண்ணை ஐம்பது ஐம்பது இலக்கமாகத் துண்டு போட வேண்டும். இரண்டு துண்டு எண்ணை இரண்டு துண்டு எண்ணால் பெருக்க நாலு பெருக்கல், மூன்று துண்டு என்றால் ஒன்பது. மெஷின் வளர வேண்டாம், நேரம்தான் வளரும். இடத்தில் கிடைக்காத எல்லையின்மையை நேரத்தில் வாங்கிக்கொண்டார் மனுஷன். 8085-ல் ஏடிசி, 8051-ல் ஏடிடிசி என்று கேரியோடு சேர்த்துக் கூட்டி 16 பிட் விடை எடுக்கிறோமே, அதுவும் இதுதான்.

ஆகவே சின்ன பிராசஸர் தாங்காது என்பது சரியான வாதம் இல்லை என்பது என் கட்சி. தாங்கும், மெதுவாகத் தாங்கும். 1999-ல் வந்த சி மொழித் தரம், குறைந்தது 64 பிட் உள்ள முழு எண் வகை ஒன்றை எல்லா கம்பைலரும் கொடுத்தே ஆகணும் என்று விதித்தது. 8 பிட் சிப்புக்கும் விலக்கு கிடையாது. இது நியாயம்தான். அந்த வகையைத் தொடாதவன் புரோகிராமில் அதற்கான ரொட்டீன் ஏறப் போவதில்லை, இடமும் வீணாகாது. மெமரி 2 கேபிதான் என்று எதிர்க்கட்சி நண்பர்கள் சொன்னது உண்மை. பெரிய எண்ணில் நூறு இருநூறு வைத்தால் திணறும். அதனால் எல்லா எண்ணையும் பெரிசாக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டவனுக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்காமல் விட்டேன். 60-க்குப் பக்கத்தில் எல் என்ற ஒரு எழுத்தைப் போட்டதும் விளக்கு எரிந்தது.

பாபேஜுக்குக் கடைசிக் காலம் கசப்புதான். தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களோடு ஓயாத சண்டை. 1871 அக்டோபர் 18-ல் இறந்தார். பெரிய மெஷின் ஒன்றைக்கூட முழுசாக அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் 1840-களின் கடைசியில் வரைந்த இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை லண்டன் சயின்ஸ் மியூசியம் 1991-ல் செய்து முடித்தது. அவர் காலத்துப் பட்டறையில் சாத்தியமான துல்லியத்துக்குள்ளேயே பாகங்களைச் செய்தார்கள். 31 இலக்கத்தில் கணக்கு சரியாக வந்தது. அனலிடிகல் எஞ்சினை மட்டும் இன்னும் யாரும் முழுசாகச் செய்யவில்லை.