தங்கையைப் பறிகொடுத்த டாக்டர்

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள்.

முத்துலட்சுமி படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் அந்த ஊர்க் கல்லூரியோ ஆண்கள் படிக்கும் கல்லூரி. பெண் பிள்ளை உள்ளே வருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டார், இடம் கிடைத்தது. பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார்.

சீதபேதி என்றார்கள்

அவருக்கு ஒரு தங்கை. தங்கைக்கு நோய் கண்டது. சீதபேதி என்று எண்ணி மருந்து கொடுத்து வந்தார்கள். உண்மையில் அது குடலின் கடைசிப் பகுதியில் வந்த புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை கண் மூடினாள். அக்காள் டாக்டராக இருந்தும் இந்தக் கதி!

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அதைக் கண்டதும், நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிட்டது.

நடுவில் வேறு வேலைகள் வந்தன. 1927-ல் சென்னை சட்டசபையில் நியமிக்கப்பட்டார். துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அநாதைப் பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இவற்றைச் சொல்லத் தனிக் கட்டுரையே வேண்டும்.

தங்கையை மட்டும் அவர் மறக்கவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் பணியாற்றினார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

எது புற்று, எது புற்று அல்ல?

இத்தகைய மருத்துவமனையின் முதல் வேலை என்ன? வந்தது எந்த நோய் என்று பிரித்துச் சொல்வதுதான். தங்கை விஷயத்தில் தவறியது அதுவே.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பெண்கள் நடுங்கிப் போகிறார்கள். ஆனால் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி, விரல் வைத்தால் நழுவி ஓடும். நீர் கோத்த கட்டியும் உண்டு.

வேறு சில, கைதேர்ந்த டாக்டரையும் மயக்கும். மார்பில் அடிபட்டால் உள்ளே கொழுப்பு கெட்டுக் கல்லுப்போல் இறுகும். தோலையும் உள்ளே இழுக்கும். எக்ஸ்-ரே படத்தில்கூடப் புற்றுப்போல் தெரியலாம்! பிள்ளை பெற்ற சில ஆண்டுகளில் சில தாய்மாருக்கு ஒருவகை அழற்சி வந்து, கட்டி கெட்டியாகிக் காம்பு உள்வாங்கும். காசநோயும் மார்பில் வருவதுண்டு.

கையால் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. படம் எடுக்க வேண்டும். ஊசியால் துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் மறுபடி சோதிக்க வேண்டும். புற்று இல்லை என்று உறுதியானால், கெட்ட கொழுப்பு பெரும்பாலும் தானே கரையும். காசநோய்க்குச் சில மாதம் மாத்திரை. தாய்மாரின் அழற்சிக்கு அவசரப்பட்டுக் கத்தி வைப்பதில்லை. சிறிய நார்க்கட்டியை அவ்வப்போது கவனித்து வந்தாலே போதும்.

வலி இல்லையே என்று சும்மா இருப்பவர்களும் உண்டு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வெட்கப்பட்டுப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் பற்றுப் போட்டுக் கொண்டிருந்தால் யாருக்கு நஷ்டம்?

கடலோர இராஜாக்கமங்கலத்தை எண்ணிப் பாருங்கள். அடையாறு மருத்துவமனை திறந்தபோது அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நம்மோடு சேர்ந்தது. நாகர்கோவிலுக்கு அப்போது ரயிலும் இல்லை. பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். ஒரு கட்டியைக் காட்ட அவ்வளவு தூரம் எந்தப் பெண் போவாள்? இன்று நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அந்த 1956-ம் ஆண்டிலேயே அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். அவர் பிறந்த ஜூலை 30-ந் தேதியை அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் மருத்துவமனை தினமாகக் கொண்டாடும் என்று 2019-ல் தமிழக அரசு அறிவித்தது.